நேரா இருக்கா பாரு, பாப்பா

நீலம் கலந்த தண்ணீர் நாக்கில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, துப்பிய பிறகுதான் தொண்டையின் அடியில் ஒரு கசப்பு ஏறும், அதோடு வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கின் வாடையும் சேர்ந்துகொள்ளும். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தக் கோடைக்காலத்தை நினைத்தால் இந்த ருசிதான் முதலில் வருகிறது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற முப்பதடிக் குழாயின் ஒரு முனையை அதில் போட்டுவிட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். நீலம் குழாய்க்குள் நெளிந்து நெளிந்து ஏறி வரும். வாய்க்கு வந்து சேர ஒரு சாண் இருக்கும்போதே நிறுத்தத் தெரிந்தவர்கள் கெட்டிக்காரர்கள். எனக்குத் தெரியாது. தினமும் கொஞ்சம் குடித்தேன், என் பல்லைப் பார்த்து அண்ணன் தினமும் சிரித்தான்.

அந்தக் குழாய்க்குக் கட்டட வேலைக்காரர்கள் சொல்கிற பெயர் "டியூபு". ஒரு வீட்டின் இந்த மூலையும் அந்த மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நடுவில் சுவர் மறைக்கும், தூரம் ஏமாற்றும். ஆனால் குழாய் தரையில் எப்படிச் சுருண்டு கிடந்தாலும் அதன் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஒரு முனையில் இருப்பவர் சுவரில் ஏற்கெனவே போட்ட கோட்டுக்கு நேராகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டால், மறு முனையில் இருப்பவர் தன் பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். இரண்டு கோடும் ஒரே மட்டம். குழாயோடு நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க இரண்டு பேரும் கட்டைவிரலால் அதன் வாயை அடைத்துக்கொள்வோம், இடத்துக்குப் போய் நின்றதும் இரண்டு பேரும் விரலை எடுத்துவிட வேண்டும். நான் சொல்லப்போவது முழுக்க அந்த விரலைப் பற்றித்தான்.

அண்ணன் குமரேசனுக்கு அப்போது இருபத்தொரு வயது. முதலியார்பேட்டையில் அப்பா வேலை பார்த்த மில் மூடி, கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ராஜாமணி மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தான். ஐந்தே வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனான். அவன் வைத்த கல் வரிசையை மேஸ்திரி நூல் கட்டிப் பார்க்காமலே விட்டுவிடுவார் என்று கூட வேலை செய்கிற அக்காமார்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டினால்கூட அவன்தான் மாட்ட வேண்டும். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ஒரு நெல்மணி அளவு இப்படி, ஒரு நெல்மணி அளவு அப்படி என்று நகர்த்துவான். எங்கள் ஓட்டு வீட்டில் சாய்ந்திருக்காத பொருள் அந்தக் காலண்டர் ஒன்றுதான் என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தக் கோடையில் மேஸ்திரி முதல்முறையாக ஒரு வேலையை முழுசாக அவன் பொறுப்பில் விட்டார். ஒரு சொல்தா வீட்டின் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கிற வேலை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். மாடி வேலை லேசானதல்ல. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஓடி வந்து மூலையில் இருக்கிற குழாய் வழியாக இறங்குகிற மாதிரி தரைக்கு "வாட்டம்" கொடுக்க வேண்டும், அதற்கு முதலில் நாலு மூலைச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்துதான் தரையைச் சரிப்பார்கள். அது நன்றாக வந்துவிட்டால் இனி சின்ன வேலைகளைத் தனியாகவே எடுத்துச் செய்யலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அண்ணன் அதை அம்மாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், ரொம்பச் சந்தோஷம் வந்தால் அவன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான்.

எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் அந்த வீட்டிலேயே பகல் முழுக்க இருந்துவிடுவேன். அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவார்கள். மதாமுக்கு என்னைப் பிடித்துப்போனது. பிரான்சில் இருக்கிற தன் பேத்திக்குச் சின்னதாகிப்போன ஒரு வெள்ளைக் கவுனை ஒருநாள் எனக்குக் கொடுத்தார். கழுத்தில் பூ வேலை செய்த லேஸ், இடுப்பில் பின்னால் கட்டுகிற நாடா. அதுவரை நான் போட்டதெல்லாம் பெரியம்மா மகளின் பழைய பாவாடைகள். அந்த வெள்ளையை நான் என்ன பாடுபட்டுப் பாதுகாத்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

"இன்னா பாப்பா, கல்யாணத்துக்கு வந்தியா, கலவை போட வந்தியா?" என்றான் அண்ணன்.

அன்று கையாள் வரவில்லை. டியூபின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும், பிடிக்கிறாயா என்று கேட்டான். நான் பெருமையாகத் தலையாட்டினேன். மாடிக்கு ஏறி வந்த சொல்தா தாத்தா, இந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது தெரியுமா என்று என்னைக் கேட்டார். ஏழாவது முழுக்க அறிவியலில் நான்தான் முதல். கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல நின்று, திரவம் எப்போதும் தன் மட்டத்தைத் தானே அடையும் என்று ஒப்பித்தேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கை தட்டினார். அண்ணன் மேலே பறந்த காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் சந்தோஷம்.

மாடியின் நடுவில் படிக்கட்டு ரூம் இருந்தது. அதன் சுவரில் போட்ட கோட்டருகே நான் நிற்க வேண்டும், அண்ணன் மறு முனையோடு ஒவ்வொரு மூலையாகப் போவான். அவன் அந்தப் பக்கம் போய்விட்டால் எனக்கு அவன் தெரியாது, அவனுக்கு நான் தெரியாது, குரல் மட்டும்தான். "விரல எடுத்தியா?" என்பான். எடுத்துவிட்டு, "எடுத்துட்டேன்" என்பேன். தண்ணீர் மேலும் கீழும் ஆடி ஆடி நிற்கும். கோட்டுக்குச் சரியாக வந்ததும் கத்துவேன், அவன் அந்தப் பக்கம் கோடு போடுவான். முதல் மூலை, இரண்டாவது மூலை. மூன்றாவதில் நான் விரலை எடுத்ததும் தண்ணீர் குபுக்கென்று துள்ளிச் சிந்தியது. கவுனில் படவில்லை. காலில் பட்டது. நீலம் துணியில் பட்டால் போகாது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுத் துணிக்கெல்லாம் நான்தான் நீலம் போடுகிறவள்.

நான்காவது மூலையில்தான் தண்ணீர் இறங்குகிற குழாய் இருந்தது. அண்ணன் அங்கே போய்விட்டு, "விரல எடுத்தியா பாப்பா?" என்றான்.

நான் எடுக்கவில்லை. குழாயின் வாயில் கட்டைவிரல் அழுத்தமாக இருந்தது, இன்னொரு கையால் கவுனைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தேன். "எடுத்துட்டேண்ணா" என்றேன்.

தண்ணீர் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே அசையாமல் நின்றது. நான் குழாயைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துச் சரிசெய்துவிட்டு, கோட்டுக்கு வந்துவிட்டது என்று கத்தினேன். அவன் கோடு போட்டான். விரல் வைப்பது சிந்தாமல் இருக்க, எடுப்பது ஏதோ ஒரு பழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மட்டத்தைப் பற்றி ஒப்பித்த வாய் ஒரு மணி நேரம்கூட ஆகாமல் இந்தப் பொய்யைச் சொன்னது. கவுன் வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது.

ஐப்பசி மழை வந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி ஆள் அனுப்பி அண்ணனைக் கூப்பிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் கூடவே போனேன். சொல்தா வீட்டு மாடியில் பாதம் நனைகிற அளவு தண்ணீர், தண்ணீர் இறங்குகிற குழாய் இருந்த மூலை மட்டும் காய்ந்து கிடந்தது. தண்ணீர் படிக்கட்டு ரூம் பக்கம் தேங்கி, கீழே மதாமின் படுக்கையறைக் கூரையில் ஊறி, வரைபடம் மாதிரி ஒரு கறை இறங்கியிருந்தது. தாத்தா கத்தவில்லை. பேரப்பிள்ளைகள் விட்டுப்போன ரப்பர் பந்தை எடுத்து, தண்ணீரை வாரிவிட்ட தரையில், குழாய் மூலையில் வைத்தார். பந்து ஒரு கணம் யோசித்துவிட்டு உள்பக்கமாக உருண்டது. மறுபடியும் எடுத்து வைத்தார். மறுபடியும் உருண்டது. மதாம், வேலைக்காரம்மா, மேஸ்திரி, நான் எல்லோரும் அதைப் பார்த்தோம். அண்ணன் பந்தைப் பார்க்கவில்லை, சுவரில் தான் போட்ட பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி டியூபைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு ஆட்களை வைத்து மறுபடி மட்டம் பார்த்தார். மூன்று மூலை சரி. நான்காவதில் கோடு இரண்டு விரல் அளவு மேலே இருந்தது.

"தண்ணி நின்ன எடத்துலதான் போட்டேன் மேஸ்திரி" என்றான் அண்ணன்.

"தண்ணி தப்பா நிக்குமாடா? நீதான் தப்பா பாத்திருக்க. இருவத்தோரு வயசுலயே கண்ணு போச்சா ஒனக்கு?"

தண்ணீர் தப்பாக நிற்காது. அதை நானே அந்த மாடியில் கையைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தான். மரப்பாலம் தாண்டியதும் கேட்டான்.

"நாலாவது மூலையில விரல எடுத்தல்ல பாப்பா?"

"எடுத்தேண்ணா."

"ஆமா, நீ எடுத்துட்டேன்னு சொன்ன, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்று அவனே எனக்குச் சாட்சி சொன்னான். பிறகு அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. என்னை நம்பியதால் அவனுக்குச் சந்தேகப்பட மிச்சமிருந்தது அவன் கண் மட்டும்தான்.

மறு வாரம் கோரிமேட்டுக்குப் பஸ் ஏறிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு வந்தான். ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா மகிழ்ந்துபோய்த் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அவனுக்கு அது இன்னும் மோசமாகப் போனது. "கண்ணுல ஒண்ணும் இல்லன்றாங்க. அப்ப மண்டைலதான் எங்கியோ கோணல்" என்றான். அம்மா சிரித்தாள், அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மேஸ்திரி அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அவன் வைத்த ஒவ்வொரு வரிசைக்கும் நூல் கட்டிப் பார்க்கத் தொடங்கினார். அவர் பார்ப்பதற்கு முன்னால் அவனே இரண்டு தரம் பார்த்தான், பிறகு கூட இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். கொஞ்ச நாளில் வேகம் போய்விட்டது. பொங்கலுக்குப் பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தான்.

அவன் சேர்வதற்குச் சில நாள் முன்னால், எட்டாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் கொண்டுவந்தார். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல் வாயை விரலால் அடைத்து, வெளியே தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்த தண்ணீர் கீழே விழவில்லை, அப்படியே நின்றது. விரலை எடுத்தார். சொட்டென்று விழுந்தது. காற்றுக்கு அழுத்தம் உண்டு, நம் எல்லோர் தலையிலும் அது எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது, ஒரு வாயை மூடிவிட்டால் அந்தப் பக்கம் அழுத்த முடியாது, அதனால் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது என்றார். எங்கே, யார் இதை வாழ்க்கையில் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எப்போதும் முதலில் எழுந்து நிற்கிற என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் என் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் வைத்து மூடிக்கொண்டேன். அதுவரைக்கும் முப்பதடித் தண்ணீரை என் ஒரு விரல் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தண்ணீர் தப்பாகத்தான் நின்றிருக்கிறது. அண்ணன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் கம்பெனியில் கேட்ட போட்டோவை எடுத்துவிட்டு வந்து கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். இனி மாசம் பிறந்தால் சம்பளம் என்று அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. "சிமெண்ட்ல கை வெந்துபோவுது பாப்பா, உட்டது நல்லதாப் போச்சு" என்றான். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நல்லதாகத்தான் போயிற்று, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் கவுனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரிடமும் என் தங்கச்சி நல்லா படிக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனிடம், படித்ததை வைத்துக்கொண்டு நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பதிலாக வேறு ஒன்றைச் சொன்னேன். கொத்தனார்கள் மூலை சரியான செங்கோணமா என்று பார்க்கக் கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடி அளந்து முக்கோணம் போடுவார்கள். அந்தக் கணக்கு எங்கள் புத்தகத்தில் அதே மாதத்தில் வந்தது. மூன்றையும் மூன்றையும் பெருக்கி, நான்கையும் நான்கையும் பெருக்கிக் கூட்டினால் ஐந்தை ஐந்தால் பெருக்கியது வரும், அதை ஒரு கிரேக்கக்காரர் பேரில் சொல்கிறார்கள் என்றேன்.

"அந்தாளு எந்த மேஸ்திரிகிட்ட வேல பாத்தாராம்?" என்றான் அண்ணன். வீடே சிரித்தது. கயிற்றைப் பற்றிச் சொன்னேன், ஸ்ட்ராவைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒன்பதாவதோடு நானும் படிப்பை நிறுத்தினேன். இந்தக் குற்ற உணர்ச்சியால்தான் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், வீட்டில் ஆள் வேண்டும், பிறகு திரும்பிப் போக மனசில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். வெள்ளைத் துணியை விரித்துக் காட்டும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கும்.

வீட்டில் மாறிப்போனது ஒரே ஒரு விஷயம்தான், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. காலண்டர் மாட்டினாலும், ஸ்டாண்டு அடித்தாலும், அக்கம்பக்கத்தார் டிவி வைக்கக் கூப்பிட்டாலும் அண்ணன் ஆணியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பான். "நேரா இருக்கா பாரு, பாப்பா" என்பான். வேலை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் கேட்டான். எப்போதும் நேராகத்தான் இருக்கும், ஒரு நெல்மணி அளவுகூடத் தவறாது. "நேரா இருக்குண்ணா" என்பேன். எத்தனை தரம் சொன்னேனோ அத்தனை தரமும் அந்த இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம்.

போன மாசிக்கு முன்னால் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து முற்றிப்போய்க் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் படுத்திருந்தான். முப்பத்துமூன்று வயது. எட்டாம் நாள் மத்தியானம் கொஞ்சம் தெளிவாக இருந்தான். குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற கம்பியைப் பார்த்து, அது சாய்ந்திருக்கிற மாதிரி தனக்குத் தெரிகிறது, நிஜமாகவே சாய்ந்திருக்கிறதா என்று கேட்டான். சாய்ந்துதான் இருந்தது. சொன்னேன். தலையணையில் தலையைத் திருப்பிக் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

"அண்ணா, அந்த சொல்தா வீட்டு மாடி இருக்குதில்ல" என்று ஆரம்பித்தேன்.

"அத இடிச்சிட்டாங்க பாப்பா. பிளாட்டு கட்றாங்க." கண்ணை மூடிக்கொண்டான். "நான் போட்ட கோணத் தரையும் போச்சு. நல்லதாப் போச்சு."

தூங்கி எழட்டும் என்று விட்டுவிட்டேன். எழுந்தபோது பேச்சு குழறியது. அதற்குப் பிறகு தெளியவில்லை.

முப்பதாம் நாள் படைப்பதற்காக அவன் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தோம். கம்பெனிக்காக எடுத்த அதே போட்டோ. வாசற்காலுக்கு அந்தப் பக்கம் அப்பா படம், இந்தப் பக்கம் அவன் படம், இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றாள் அம்மா. ஆணியைக் கையில் எடுத்ததும், திரும்பிப் பார்த்து யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பரண் மேல் ஏறினேன். மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் அண்ணனின் டியூபு சுருட்டி வைத்தபடி இருந்தது, உள்ளே பழைய நீலம் கோடு கோடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் குழாய் இப்போது கட்டடங்களில் கண்ணில் படுவதில்லை, சிவப்பு வெளிச்சம் அடிக்கிற சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் நாலு சுவரிலும் அதுவே கோடு போட்டுவிடுகிறது.

பக்கெட்டில் நீலம் கலந்து வாயால் உறிஞ்சினேன். இந்த முறையும் நிறுத்தத் தெரியவில்லை. ஒரு முனையை அம்மா கையில் கொடுத்து, அப்பா படத்தின் மேல்விளிம்புக்கு நேராகத் தண்ணீரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு முனையோடு வாசலின் இந்தப் பக்கம் வந்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. எட்டிப் பார்த்தேன். தரை நனையக் கூடாதென்று அம்மா குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்திருந்தாள்.

"விரல எடும்மா" என்றேன்.

எடுத்தாள். தண்ணீர் என் பக்கம் மெதுவாக இறங்கி, ஆடி, நின்றது. எவ்வளவு இறங்கியது என்று சுவரில் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அளவு இருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கவுனிலிருந்து ஆஸ்பத்திரிக் கம்பி வரைக்கும். குழாயிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்கிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பான்டி" என்றாள்.

பிறகு எழுந்து சுத்தியலைக் கொடுத்தாள். தண்ணீர் நின்ற இடத்தில் ஆணி அடித்தேன். இரண்டு படமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், நேராக இருக்கிறதா என்று அவர்களுக்குப் பார்க்கத் தோன்றாது. சொல்தா வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி ஏறிவிட்டது, அந்த மாடியும் பந்தும் பென்சில் கோடும் எங்கும் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் மட்டும் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று ஒரு கண்ணை மூடி அவன் படத்தைப் பார்க்கிறேன். நேரா இருக்குண்ணா, உன் கண்ணும் நேராத்தான் இருந்துச்சு, நான்தான் விரல எடுக்கல என்று சத்தமாகவே சொல்கிறேன். கேட்டவன் இல்லை, பதிலை மட்டும் தினமும் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுகிறேன்.